விழித்ததும் அசையாதீர்கள்

குரோம்பேட்டை
10-10-1988

ஐயா,

என்னை உங்களுக்குத் தெரியாது. கடந்த ஜூலை மாதம் 19ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, குரோம்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் நடுவே நீங்கள் ஓட்டி வந்த மின்சார ரயிலில் அடிபட்டு இறந்துபோன எட்மண்ட் என் தம்பி. வயது இருபத்தாறு. எங்களுக்குப் பெற்றோர் இல்லை. நான் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன்.

போலீசில் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் போன வாரம்தான் என் கைக்கு வந்தது. உங்கள் பெயரும் விலாசமும் அதிலிருந்து எடுத்தவை. அதில் ஒரு வரி இருக்கிறது: "மேற்படி நபர் வண்டி வருவதைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே தண்டவாளத்தின் நடுவில் வந்து நின்றார்."

நான் கேட்பது இதுதான். நீங்கள் என்ன பார்த்தீர்கள்? அவன் திரும்பினானா? எந்தப் பக்கமாகத் திரும்பினான்? அவன் முகம் எப்படி இருந்தது? உலகத்தில் அவனைக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். நேரில் வந்து கேட்க எனக்குத் தெம்பு இல்லை. எழுதுங்கள்.

ஜெயசீலி


கூடுவாஞ்சேரி
19-10-1988

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கள் தம்பியின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். சம்பவம் குறித்து நான் சொல்ல வேண்டியதெல்லாம் வாக்குமூலத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஹாரன் கொடுத்தேன், பிரேக் போட்டேன். ரயில் என்பது நினைத்த இடத்தில் நிற்கக்கூடியது அல்ல.

இனி இது சம்பந்தமாக எழுத வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மனைவி இருக்கிறாள். கவர் வந்தால் என்ன, யார் என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
கோ. வேதாசலம், மோட்டார்மேன்


குரோம்பேட்டை
24-10-1988

ஐயா,

வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகும் எழுதுகிறேன்.

உங்களுடைய அந்த ஒரு வரி என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிணத்தை வாங்கப் போன இடத்தில் ஒரு போலீஸ்காரர் அதை எங்கள் சபை மூப்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்று மாலைக்குள் சபை முழுவதும் தெரிந்துவிட்டது. தற்கொலை என்றால் ஆராதனை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எட்மண்டைக் கோயிலுக்குள் கொண்டுபோகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டம். மதில் ஓரத்தில் இடம். ஐந்து பேர் வந்தார்கள். போதகர் சுந்தர்சிங் ஒரு ஜெபம் மட்டும் சொன்னார், அதுவும் என் முகத்துக்காக.

அவன் ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவன். அந்தப் பிள்ளைகள் அண்ணன் எங்கே என்று கேட்டால் வீட்டில் வாயை மூடச் சொல்கிறார்களாம்.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தண்டவாளம் தெரியும். எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒவ்வொரு வண்டியின் கேபினையும் பார்க்கிறேன். இதில் இருப்பவரா அவர் என்று நினைப்பேன். நான் இப்போது பள்ளிக்கு மேம்பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். தாம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிறேன். இந்த வீட்டை விட்டுப் போகலாம். அவன் துணி, அவன் புத்தகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது?

அந்த வரியை நீங்கள் பார்த்து எழுதினீர்களா, பார்க்காமல் எழுதினீர்களா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

ஜெயசீலி


கூடுவாஞ்சேரி
6-11-1988

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். தீபாவளி நெருங்கியும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லை. குரோம்பேட்டையில் வண்டி எடுத்தது தெரியும். அப்புறம் நான் கீழே சரளைக் கல்லில் நிற்பது தெரியும், என் வண்டியின் கார்டு பத்ரிநாராயணன் என் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். நடுவில் இருப்பது போய்விட்டது. வாக்குமூலம் எழுதச் சொன்னபோது எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கூட இருந்த ஒருவர், "இப்படித்தான் எழுதணும் வேதாசலம். வேற மாதிரி எழுதினா உனக்குத்தான் பேஜாரு," என்று வாசகத்தைச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். அப்படித்தான் நடந்திருக்கும் என்றும் நம்பினேன்.

ஆகஸ்டில் மறுபடி வண்டி ஓட்டினேன். அந்த இடம் வரும்போது தண்டவாளத்தில் ஒன்றும் இல்லாமலே பிரேக் போட்டேன். மூன்று தடவை. பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்திருக்கிறார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு என்னை இறக்கி, தாம்பரம் ஷெட்டில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். பதினாறு வருடம் வண்டி ஓட்டியவன். இப்போது மற்றவர்கள் எத்தனை மணிக்கு வண்டி எடுத்தார்கள் என்று எழுதுகிறேன்.

இன்னொன்று. தூக்கத்தில் நான் கத்துகிறேனாம். என் மனைவி தனம் சொல்கிறாள். விடியற்காலையில் பனியன் நனைந்து எழுந்திருக்கிறேன். ஏதோ கனவு கண்டேன் என்று மட்டும் தெரிகிறது. என்ன கனவு என்று தெரியவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் கத்துவது இல்லை, ஆனால் மறுநாள் முழுக்க நாக்கு தடித்துப்போகிறது.

இவ்வளவுதான். என்னைச் சபித்தாலும் சரி.

வேதாசலம்


குரோம்பேட்டை
9-11-1988

திரு. வேதாசலம் அவர்களுக்கு,

சபிக்கவில்லை. நீங்கள் தொலைத்துவிட்டதாக நினைப்பது உங்களிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் கைக்கு வந்து நழுவுகிறது. கனவை நழுவாமல் பிடிக்க எனக்குத் தெரியும். எனக்கும் எட்மண்டுக்கும் சின்ன வயதிலிருந்து பழக்கம். காலையில் காபிக்கு முன்னால் அவன் கண்டதை எனக்குச் சொல்வான், நான் கண்டதை அவனுக்குச் சொல்வேன். இருபது வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் குறையுங்கள். அலாரம் வைக்காதீர்கள், மணிச்சத்தத்தில் கனவு கலைந்துவிடும். படுக்கும்போது, இன்று காண்பது எனக்கு நினைவிருக்க வேண்டும் என்று மனதுக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

விழித்ததும் அசையாதீர்கள். இதுதான் முக்கியம். கண்ணைத் திறக்கக் கூடாது, புரளக் கூடாது, எந்தப் பக்கம் ஒருக்களித்திருக்கிறீர்களோ அதே பக்கம். கடைசியாக என்ன இருந்தது என்று பாருங்கள். ஒரு நிறம், ஒரு சத்தம், அது போதும். அதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் என்ன, அதற்கு முன் என்ன என்று பின்னாலேயே போங்கள். பிறகு எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எழுதுங்கள். நோட்டும் பென்சிலும் தலைமாட்டில் இருக்கட்டும். ஒன்றுமே இல்லையென்றால், பயமாக இருந்ததா, வெட்கமாக இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள். நான்கைந்து நாளில் தானாக வர ஆரம்பிக்கும்.

கோர்வையாக எழுத முயலாதீர்கள். விட்டுப்போன இடத்தை விட்டுவிடுங்கள். நீங்களாக இட்டு நிரப்பினால் அது கனவு அல்ல, கதை.

எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.

ஜெயசீலி


கூடுவாஞ்சேரி
27-11-1988

டீச்சர்,

முதல் ஐந்து நாள் ஒன்றும் இல்லை. நோட்டில் தேதி மட்டும் இருக்கிறது. ஆறாம் நாள் 'பயம்' என்று ஒரு வார்த்தை. பிறகு நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. நோட்டில் உள்ளபடி எழுதுகிறேன்.

18ஆம் தேதி: மஞ்சள்.

20: மஞ்சள் ஏதோ அடித்துக்கொள்கிறது. துணி உதறுகிற சத்தம்.

21: கேபினில் இருக்கிறேன். கண்ணாடி வழியாக வானம் தெரிகிறது. தண்டவாளம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று எனக்கே கோபம் வருகிறது.

24: மஞ்சள். நான் "தள்ளு, தள்ளு" என்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

26: சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

தனத்துக்கு இது பிடிக்கவில்லை. காலையில் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன் என்று கோபம். பக்கத்து வீட்டில் சொல்லி மந்திரிக்க ஏற்பாடு செய்திருக்கிறாள்.

வேதாசலம்


குரோம்பேட்டை
1-12-1988

திரு. வேதாசலம் அவர்களுக்கு,

நன்றாக வருகிறது. ஆனால் மஞ்சளையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அது எட்மண்ட் இல்லை. அவனிடம் மஞ்சளில் எதுவும் கிடையாது. அதை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பாருங்கள். படுக்கும்போது, நான் அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு படுங்கள். அவன் போட்டிருந்தது என்ன சட்டை? நீலமா? கை மடித்திருந்ததா? கையில் ஏதாவது வைத்திருந்தானா? உங்கள் பக்கம் திரும்பினானா?

26ஆம் தேதிக்கு உரியதை நீங்கள் எழுத வேண்டாம். அதை நான் வீட்டிலிருந்தே கேட்டேன் என்று நினைக்கிறேன். அன்று தலைவலி என்று மதியமே வந்துவிட்டேன். எதுவோ என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன்.

ஜெயசீலி


கூடுவாஞ்சேரி
18-12-1988

டீச்சர்,

ஆள் வந்துவிட்டார்.

நீலச் சட்டை, கை மடித்திருக்கிறது. தண்டவாளத்தின் நடுவில் நிற்கிறார். முதல் நாள் முதுகு. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திரும்புகிறார். காது தெரிந்தது, கன்னம் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் மாதிரி இருக்கிறது. நான் ஹாரனைத் தேடுகிறேன், கேபினில் ஹாரனே இல்லை. கதவும் இல்லை. நாலு பக்கமும் கண்ணாடி. வண்டி ஓடவில்லை, நிற்கவும் இல்லை. அவர் திரும்பி முடிக்கும்வரை நான் உள்ளேயே இருக்க வேண்டும்.

முன்னால் விழித்தால் போய்விடும். இப்போது போவதில்லை. பல் தேய்க்கும்போது இருக்கிறது. ஷெட்டில் எழுதும்போது இருக்கிறது. முந்தாநாள் மதியம் சாப்பிட்ட பிறகு அந்த முகத்துக்காகவே நாற்காலியில் தூங்கினேன். மேலதிகாரி எழுப்பினார், எழுப்பியதற்காக அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

தனம் நோட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். தேடி எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. "நீ வூட்லயே இல்ல. அங்கதான் கீற," என்றாள்.

போதும் என்று தோன்றுகிறது டீச்சர். நிறுத்திவிடலாமா?

வேதாசலம்


குரோம்பேட்டை
22-12-1988

வேதாசலம் சார்,

இப்போது நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரே ஒரு திருப்பம்தான் பாக்கி.

கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டிலும் நட்சத்திரம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கட்டுகிறவன் அவன்தான். நான் ஏணியை எடுத்து வைத்துவிட்டு ஏறாமல் நின்றேன்.

இத்துடன் அவன் போட்டோ வைத்திருக்கிறேன். போன வருடம் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. படுக்கும்முன் நன்றாகப் பார்த்துக்கொண்டு படுங்கள். முகம் வர உதவும்.

ஜெயசீலி


கூடுவாஞ்சேரி
8-1-1989

டீச்சர்,

போட்டோவைத் திருப்பி அனுப்புகிறேன். இதை நீங்கள் அனுப்பியிருக்கக் கூடாது.

முகம் வந்தது. கவர் வந்த மூன்றாம் நாளே வந்தது. மெல்லச் சிரிக்கிறார். போட்டோவில் சிரிக்கிற அதே சிரிப்பு. பின்னால் ஸ்டூடியோத் திரையும் வந்தது. தண்டவாளத்துக்கு நடுவே மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. அதைக் கண்டதும் தூக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இது நான் கண்ட முகம் இல்லை. நீங்கள் கொடுத்த முகம்.

எழுந்து உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து படித்தேன். நீலச் சட்டை என்று நீங்கள் கேட்பதற்கு முன் அது நோட்டில் இல்லை. கை மடித்திருந்ததா என்று கேட்டீர்கள், மடித்து வந்தார். திரும்பினானா என்று கேட்டீர்கள், திரும்ப ஆரம்பித்தார். நீங்கள் கேட்கக் கேட்க என் தூக்கம் அப்படியே தைத்துக் கொடுத்திருக்கிறது. தெளிவாக இருப்பதால் அது நிஜம் என்று நானும் நம்பிவிட்டேன். ஒரு தடவை ஒருவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டாம் தடவையும் அதையே செய்ய இருந்தேன்.

ஆனால் மஞ்சள் யாரும் கேட்காமல் வந்தது. நீங்கள் விடச் சொன்ன பிறகும் போகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்கப்போகிறேன்.

வேதாசலம்


கூடுவாஞ்சேரி
22-1-1989

டீச்சர்,

நீங்கள் பதில் போடவில்லை. கோபமாக இருப்பீர்கள். இருந்தாலும் இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன ஞாயிறு, பொங்கலுக்கு மறுநாள், சானடோரியத்தில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் நடந்தேன். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். இடது கைப் பக்கம் ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் கொடிக்கயிறு, நிறையத் துணி. வெளியே ஓர் அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பெயர் கன்னியம்மா. மஞ்சள் துணி என்று நான் ஆரம்பித்ததுமே நிமிர்ந்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"என் பொடவ சார் அது. ஆடிக்காத்துல பிச்சிகினு போச்சு. கரண்டு கம்பி மேல வுய்ந்துடப் போவுதுன்னு பதறிகினு மாடிக்கு ஓடியாந்தேன். நல்ல காலம், கம்பில மாட்ல. அந்தாண்ட போய் வுய்ந்துச்சு. அத்த பாத்துகினு இருக்க சொல்லவே டிரெயின் வந்துச்சு. சத்தம் கேட்டுச்சு."

அடிபட்ட ஆளைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"இல்ல சார். நானும் பொடவையத்தான் பாத்துகினு இருந்தேன்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். உட்கார்ந்த இடத்தில், தூக்கம் இல்லாமல், கண் திறந்தபடியே எனக்கு வந்தது. சேலை காற்றில் எழும்பி மேல் கம்பியை நோக்கி வருகிறது. சுற்றிக்கொண்டால் வண்டிக்கு ஆபத்து. நான் கழுத்தை நிமிர்த்தி அதையே பார்க்கிறேன். தள்ளு, தள்ளு என்று காற்றைப் பார்த்துச் சொல்கிறேன். தாண்டிப் போய்விட்டது. அப்பாடா என்று கண்ணைக் கீழே இறக்குகிறேன். அதற்குள் சத்தம்.

மறுநாள் கார்டு பத்ரிநாராயணனைக் கேட்டேன். முதலில் அடித்த சத்தம், அதற்கு அப்புறம்தான் உன் ஹாரன் என்று சொன்னார். அவருக்கு அன்றே தெரியும். எனக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

டீச்சர், நான் உங்கள் தம்பியைப் பார்க்கவே இல்லை. நின்றாரா, நடந்தாரா, ஓடினாரா எனக்குத் தெரியாது. அவரும் தலையைத் தூக்கி அந்தச் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்று வழியெல்லாம் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காக, பார்க்காத இன்னொரு வரியை நான் எழுதித் தரமாட்டேன்.

வேதாசலம்


குரோம்பேட்டை
5-2-1989

வேதாசலம் சார்,

கடிதத்தைப் படித்த அன்று உங்களை மிகவும் வெறுத்தேன். ஜூலையில் வெறுத்ததைவிட அதிகம். ஒரு சேலைக்காகவா என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். பிறகு கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

நான் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் உண்மை சொல்லச் சொன்னது தப்பு.

எட்மண்ட் டிப்ளமோ முடித்து மூன்று வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை இன்டர்வியூவில் கடைசிவரை போய், அந்த மாதம்தான் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 19ஆம் தேதி காலை நான் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று தலை வாரிக்கொண்டிருந்தேன். அவன் வழக்கம்போல வந்து நின்று, "அக்கா, இன்னிக்கு ஒரு கனவு," என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கனவு காண்றதத் தவிர உனக்கு வேற என்ன வேலை எட்மண்ட்? இனிமே எங்கிட்ட சொல்லாதே," என்றேன்.

"சரிக்கா," என்றான். அவ்வளவுதான்.

மதியம் நான் தலைவலியோடு வந்தபோது அவன் வீட்டில் இல்லை. பள்ளி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நான்கு மணிக்குப் பள்ளி விடும்; சில நாள் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொள்ள அவன் எதிரே வருவான். நான் முன்னாலேயே வந்துவிட்டது அவனுக்குத் தெரியாது. என்னைக் கூப்பிடப் போயிருந்தால் ஒரு மாதிரி. நான் சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு போயிருந்தால் வேறு மாதிரி. இதைத்தான் ஏழு மாதமாக உங்கள் கண்ணை வாங்கிப் பார்க்க நினைத்தேன். அந்தக் கண்ணிலும் அவன் இல்லை.

அவன் அன்று என்ன கனவு கண்டான் என்று இனி யாருக்கும் தெரியாது. கனவை எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

நீங்கள் நோட்டை மூடிவிடுங்கள். உங்கள் மனைவியிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

ஜெயசீலி


கூடுவாஞ்சேரி
20-3-1989

டீச்சர்,

உங்கள் கடிதத்தைத் தனத்திடம் படித்துக் காட்டினேன். கடைசியில், "அந்தப் பொண்ணு தனியாவா கீது?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி கடைசியில் என் வாக்குமூலம் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்று அலுவலகத்தில், ஒன்று போலீசில். ஆளைப் பார்க்கவில்லை, கவனம் மேலே இருந்தது, ஹாரன் பிறகுதான் கொடுத்தேன் என்று எழுதினேன். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறாய் என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள். ஒருவர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டினார். கனவில் பார்த்தேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்னியம்மா பெயரையும், கார்டு பெயரையும் கொடுத்தேன். பத்ரிநாராயணன் வந்து உள்ளதைச் சொன்னார். அவர் வராமல் இருந்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

விசாரணை நடந்தது. இனி கேபினில் ஏற முடியாது. ரிட்டையர் ஆகும்வரை ஷெட் நாற்காலிதான். இன்னும் பதின்மூன்று வருடம். வண்டி என் முதுகுக்குப் பின்னால் போகும். சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவேன்.

திருத்திய தாளின் நகல் இத்துடன் இருக்கிறது. "இறந்தவர் எவ்வாறு தண்டவாளத்துக்கு வந்தார் என்பதை ஓட்டுநர் பார்க்கவில்லை. காரணம் அறியப்படவில்லை." இதை வைத்து உங்கள் கோயிலில் பேசுங்கள்.

நோட்டு எழுதுவதை விட்டுவிட்டேன். ஆனால் பழகிவிட்டது டீச்சர். விழித்ததும் உடம்பு தானாக அசையாமல் கிடக்கிறது. எல்லாம் நினைவிருக்கிறது. மறக்கப் பழக வழி உண்டா என்று கேட்க நினைத்தேன். உங்களுக்கே தெரிந்திருக்காது.

தம்பியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுத முடியுமா?

வேதாசலம்


குரோம்பேட்டை
17-4-1989

வேதாசலம் சார்,

தாளைக் கொண்டுபோய்ப் போதகரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். சபைக் கமிட்டி கூடியது. ஏப்ரல் 9ஆம் தேதி ஞாயிறு, எட்மண்டுக்காக நினைவு ஆராதனை வைத்தார்கள். எல்லாரும் வந்தார்கள். அன்று வாயை மூடச் சொன்னவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் அவன் சொல்லிக் கொடுத்ததைப் பாடினார்கள்.

போதகர் பேசும்போது, "அகால விபத்தில் மரித்த நம் சகோதரன்," என்றார். கோயில் முழுவதும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. விபத்து என்றால் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நானும் போகலாம். ஆனால் அந்தத் தாளில் விபத்து என்று இல்லை. நீங்கள் கேபினைக் கொடுத்து வாங்கிய தாள் அது. அதில் இல்லாததை என் முன்னால் வாசிக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

எழுந்து நின்றேன். விபத்தா இல்லையா என்று தெரியாது, யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அன்று காலை நான் அவனிடம் சொன்னதையும் சொன்னேன், அதே வார்த்தைகளில். எப்படியிருந்தாலும் அவனை நீங்கள் இந்தக் கோயிலுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். போதகர் பைபிளை மூடினார். பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். பாடினார்கள்.

வெளியே வந்தபோது பாதிப் பேர் என்னிடம் பேசவில்லை. எங்கள் பள்ளி ஞானசௌந்தரி டீச்சர் மட்டும் கூடவே வீடுவரை வந்து, என்னைக் கேட்காமலே உலை வைத்தாள்.

அவன் இருப்பது கல்லறைத் தோட்டத்தின் பின்மதில் ஓரம், வேப்பமரத்திலிருந்து நான்காவது. சிமெண்ட் சிலுவை, பெயர் மட்டும் இருக்கும். இடத்தை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். மாலை ஆறு மணிவரை கதவு திறந்திருக்கும். நீங்கள் போய் வாருங்கள். நான் உடன் வரமாட்டேன். நாம் இரண்டு பேரும் அங்கே நின்றால், அவன் முன்னால் நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

ஜெயசீலி


கூடுவாஞ்சேரி
24-4-1989

டீச்சர்,

சனிக்கிழமை மாலை போய் வந்தேன். தனமும் வந்தாள். அவள் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. பூ வாங்கலாமா, ஊதுவத்தி வைக்கலாமா என்று யோசித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். இந்தத் தடவை வேறு எங்கும் பார்க்கவில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சவுரிமுத்து என்பவர் சருகு கூட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். சற்று நேரம் என்னையே கவனித்துவிட்டு, "யாரு நீங்க? சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இவரப் பாத்திருக்க வேண்டியவன்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "சரி, செருப்பப் போட்டுக்கோ சார். முள்ளு கெடக்குது," என்றார்.

வேதாசலம்